ஒக்டோபரில் டென்மார்க் மேற்குக் கரையில் வீடு எடுக்கலாமா?

ஜேர்மனியின் நோட்ரைன்-வெஸ்ட்பாலன் பக்கத்தில் இருக்கும் ஒரு சகோதரியின் கேள்வி இது. இரண்டு குடும்பம், நாலு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மம்மா. இலையுதிர்கால லீவுக்கு டென்மார்க்கின் மேற்குக் கடற்கரையில் ஒரு கிழமைக்கு வீடு எடுக்க நினைக்கிறார்கள். குளிரிலும் மழையிலும் கடலுக்குப் போவது காசை வீணாக்கும் வேலையா, எந்த ஊரில் எப்படிப்பட்ட வீடு பார்ப்பது, அம்மம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். நான் டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் இருப்பவன். இந்தக் கரைக்கு எல்லாப் பருவத்திலும் போய் வருகிறவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தாராளமாகப் போங்கள். ஆனால் ஜூலை மாதத்துக்கு வீடு தேடுவது போல இதற்குத் தேடாதீர்கள். ஒக்டோபர் நடுப்பகுதியில் அங்கே சூரியன் காலை 8 மணிக்குச் சற்று முன்தான் எழும்பும், பின்னேரம் ஆறரைக்கு இறங்கிவிடும். அந்தப் பகலிலும் பாதி நேரம் மழை பெய்யலாம். ஆக, ஒரு நாளில் பெரும் பங்கு வீட்டுக்குள்தான். கோடையில் வீடு படுத்து எழும்ப ஓர் இடம், கடல்தான் விடுமுறை. ஒக்டோபரில் வீடு சரியில்லை என்றால் அந்தக் கிழமையே சரியில்லை. கையிலுள்ள காசை, கடலுக்கு எவ்வளவு கிட்ட என்பதில் போடாமல் வீட்டின் தரத்தில் போடுங்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை.

முதலில் திகதி. டென்மார்க்கில் பள்ளிகளுக்கு இலையுதிர்கால லீவு ஆண்டின் 42ஆம் வாரம், அதாவது ஒக்டோபர் நடுப்பகுதி. முன்பு கிராமத்துப் பிள்ளைகள் வயலில் உருளைக்கிழங்கு பொறுக்கப் போகவேண்டியிருந்த நாட்கள் அவை. இன்று நாட்டில் பாதிப் பேர் அந்தக் கிழமைதான் கடலோர வீடுகளுக்குக் கிளம்புகிறார்கள். அதனால் வாடகை ஏறும், நல்ல வீடுகள் மாதக்கணக்கில் முன்னதாகவே போய்விடும். உங்கள் மாநிலத்தில் இந்த லீவு இரண்டு கிழமை. அதில் டென்மார்க்கின் 42ஆம் வாரத்தில் படாத கிழமையைப் பிடித்தால் அதே வீடு நல்ல மலிவாகக் கிடைக்கும். அதற்கு ஒரு விலையும் உண்டு. பல பூங்காக்களும் சிறிய கண்காட்சிகளும் 42ஆம் வாரத்தோடு அந்தப் பருவத்தை முடித்துக்கொள்ளும். பில்லுண்டில் உள்ள லெகோலாந்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் எண்ணம் இருந்தால், அது திறந்திருக்கும் நாட்களை முதலில் பார்த்துவிட்டு வீட்டை உறுதி செய்யுங்கள். இன்னொரு விஷயம், சில ஆண்டுகளில் நவராத்திரி இந்த நாட்களில் விழும். 2023இல் அப்படித்தான் விழுந்தது. அம்மம்மா விரதம் பிடிக்கிறவர் என்றால் கலண்டரைப் பார்த்துவிட்டுத் திகதி சொல்லுங்கள்.

வீட்டு விளம்பரத்தை எப்படி வாசிப்பது? "10 பேருக்கு" என்று போட்டிருந்தால் உடனே நம்பவேண்டாம். கூரைக்கடியில் ஏணி வைத்து ஏறும் பரணில் போட்ட மெத்தைகளும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும். சில வீடுகளில் இரண்டு பேருக்கான கட்டில் முற்றத்தில் உள்ள தனிக் கொட்டிலில் இருக்கும். ஜூலையில் அது பெரிய பிள்ளைகளுக்கு உற்சாகம். ஒக்டோபர் இரவு இரண்டு மணிக்கு, மழையில், கழிப்பறைக்காக முற்றத்தைக் கடந்து ஓடவேண்டிவரும். வீட்டின் வரைபடத்தைத் திறந்து, கதவுள்ள அறைகள் எத்தனை, கட்டில்கள் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். உங்கள் ஆட்களுக்கு நாலு உண்மையான அறையும் இரண்டு குளியலறையும் வேண்டும். குளியலறையில் தரைச் சூடு இருக்கவேண்டும், அம்மம்மாவுக்காக இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வாசலில் படிக்கட்டு இருக்கிறதா, குளியலறையில் உயரமான விளிம்பு இருக்கிறதா என்பதைப் படங்களில் பெருப்பித்துப் பாருங்கள். தெரியாவிட்டால் வாடகை நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள், பதில் தருவார்கள்.

அடுத்தது, கடல் தெரிய வேண்டுமா என்பது. முதல் மணல்மேட்டின் உச்சியில் நிற்கும் வீடு படத்தில் வடிவாக இருக்கும். மேற்குக் காற்று அடிக்கும் நாளில் அங்கே கார்க் கதவைத் திறப்பதே பாடு. யன்னல்கள் உப்புப் படிந்து மங்கி, கடலும் தெரியாமல் போய்விடும். மணல்மேட்டுக்குப் பின்னால் இரண்டாம் மூன்றாம் வரிசையில் உள்ள வீடுகள் காற்றுக்கு மறைவு, சூடும் நிற்கும், வாடகையும் குறைவு. என் தெரிவு எப்போதும் அதுதான். தூரக் கணக்கையும் கவனியுங்கள். "கடலுக்கு 300 மீற்றர்" என்பது பெரும்பாலும் வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்தது. நடுவில் ஒரு மணல்மேட்டை ஏறி இறங்கவேண்டும். கால் புதையும் மணலில் முழங்கால் வலிக்காரருக்கு அது நடக்கிற காரியமில்லை.

விறகடுப்பு கட்டாயம். பெரிய மேசையும் கட்டாயம், எல்லோரும் ஒரே நேரத்தில் இருந்து சாப்பிடவும் கரம் விளையாடவும். உள்ளே நீச்சல் குளம் உள்ள வீடு வேண்டுமா என்பதை யோசித்து முடிவெடுங்கள். பிள்ளைகளுக்கு அது சொர்க்கம்தான், மழை நாட்களின் கவலை அதோடு தீர்ந்தது. ஆனால் டென்மார்க்கில் வாடகை வேறு, மின்சாரம் வேறு. வந்த நாளிலும் போகும் நாளிலும் மீற்றர் பார்த்து, ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு குரோனர் என்று தனியாக அறவிடுவார்கள். பல இடங்களில் தண்ணீருக்கும் அப்படித்தான். குளத்து நீரையும் அந்த அறையையும் ஒக்டோபரில் சூடாக்க ஆகும் கரண்ட் கொஞ்ச நஞ்சமல்ல. குளமுள்ள இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது கட்டிய ஆண்டையும் பாருங்கள். புதியதில் வெப்பப் பம்பி இருக்கும், பழையது கரண்டைக் குடிக்கும். வீட்டுக்குள் கால் வைத்ததும், சாமான் இறக்க முன்பே, மீற்றரைத் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். யூனிட் விலை விளம்பரத்திலேயே இருக்கும், அதையும் பார்த்த பிறகு இரண்டு வீடுகளின் மொத்தச் செலவை ஒப்பிடுங்கள்.

எந்த ஊர்? நீங்கள் தெற்கிலிருந்து வருவதால் புளோவாண்ட், வேயர்ஸ், ஹென்னே, அல்லது ரோமோ தீவு. எல்லை தாண்டி இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடியும். ரோமோவுக்குக் கடலின் நடுவே போட்ட தாம்போதியில் காரிலேயே போகலாம். அம்மம்மாவை நினைத்தால் ரோமோவையும் வேயர்ஸையும் முன்னுக்கு வைப்பேன். இரண்டு இடத்திலும் காரைக் கடற்கரை மணலிலேயே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்த அனுமதி உண்டு. ரோமோவின் லகொல்க் கரையில் ஈர மணல் சிமெந்துத் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். காரின் முகத்தைக் கடலுக்குத் திருப்பி நிறுத்திவிட்டால், அம்மம்மா போர்வையோடும் தேத்தண்ணியோடும் உள்ளே இருந்தபடி பிள்ளைகள் பட்டம் விடுவதைப் பார்க்கலாம். மணல்மேட்டில் ஏறமுடியாதவர் கிழமை முழுவதும் வீட்டில் அடைபட்டுக் கிடக்கத் தேவையில்லை. கார் ஓடக்கூடிய எல்லையைப் பலகையில் பார்த்து அதற்குள் நில்லுங்கள், நீர் ஏறும் நேரத்தில் விளிம்பில் விடாதீர்கள்.

புளோவாண்டில் வேறு வசதிகள். டென்மார்க் பெருநிலத்தின் மேற்கு முனை அது, 1900இல் கட்டிய 39 மீற்றர் உயர வெளிச்சவீடு அங்கே நிற்கிறது. கரையில் இரண்டாம் உலகப்போரில் ஜேர்மன் படை கட்டிய கொங்கிரீட் பதுங்கு கோட்டைகள். அவற்றில் சிலவற்றுக்கு 1995இல் பில் வூட்ரோ என்ற பிரித்தானியச் சிற்பி இரும்பில் தலையும் வாலும் பொருத்திக் கோவேறு கழுதைகளாக்கினார். கோவேறு கழுதை குட்டி போடாது, போரும் இனிப் பெருகக்கூடாது என்பது அவருடைய எண்ணம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டுக் கூட்டிப்போங்கள், வேறு கண்ணோடு பார்ப்பார்கள். மழை நாளுக்கு டீர்பிட்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய பீரங்கிக் கோட்டையின் பக்கத்தில், மணலுக்கடியில், 2017இல் திறந்தது. வடிவமைத்தது டெனிஷ் கட்டடக் கலைஞர் பியார்க்க இங்கெல்ஸின் நிறுவனம். கரையோரத்தில் சாய்ந்து கிடக்கும் மற்றக் கோட்டைகளுக்குள் மட்டும் பிள்ளைகளை விடாதீர்கள். துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும்.

இன்னும் வடக்கே போக விருப்பமென்றால் லொன்ஸ்ட்ரப் பக்கம். ருப்யேர்க் குனூதெ வெளிச்சவீட்டைக் கடல் அரித்துக்கொண்டு வந்ததால், 2019 ஒக்டோபர் 22ஆம் திகதி அதை முழுசாகத் தண்டவாளத்தில் ஏற்றி 70 மீற்றர் உள்ளே நகர்த்தினார்கள். உங்களுக்கு அது தூரப் பயணம், இந்த முறை விட்டுவிடலாம்.

சரி, கடல். கடல் ஒக்டோபரில் 12, 13 பாகை இருக்கும். உள்ளூர்க்காரர் சிலர் முழுகுவார்கள். நீங்கள் முழுகவேண்டாம். உயிர்காப்பாளர்கள் கோடைக்கு மட்டும்தான், ஒக்டோபரில் ஒருவரும் இல்லை. இந்தக் கரையில் கடலுக்குள் நீளமாக மணல்திட்டுகள் கிடக்கும். அலை கொண்டுவந்த நீரெல்லாம் திட்டுகளுக்கு நடுவிலுள்ள வாய்க்கால் வழியாகத் திரும்ப ஓடும்போது, வளர்ந்த ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். அலையில்லாத இடைவெளி ஒன்று தெரிந்தால், அது பத்திரமான இடம் என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் வாய்க்கால் அங்கேதான். கிழக்குக் காற்று அடிக்கும் நாளும் அப்படி. கடல் குளம் போலத் தெரியும், ஆனால் காற்று கரையிலிருந்து கடல் பக்கம் தள்ளும். பந்து போனால் போகட்டும், பின்னால் போகக்கூடாது என்று பிள்ளைகளிடம் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லுங்கள். நீர்விளிம்பில் நடக்கும்போது கடல் பக்கம் பெரியவர், கரைப் பக்கம் பிள்ளை. கடற்கரைக்கு இறங்கும் வழிகளில் எழுத்தும் எண்ணும் போட்ட பச்சைப் பலகை நிற்கும். 112க்கு அழைக்க நேர்ந்தால் அந்த எண்ணைச் சொன்னால் போதும், இடம் தெரிந்துவிடும். போகும்போதே அதையும் படம் எடுங்கள்.

புயல் என்றால் எல்லோரும் மேற்குக் கரையை நினைத்துத்தான் பயப்படுவார்கள். 2023 ஒக்டோபர் 20, 21ஆம் திகதிகளில், சரியாக அந்த லீவு முடியும் நேரத்தில், காற்று கிழக்கிலிருந்து அடித்துத் தென்கிழக்குக் கரைகளில் கடல் ஏறியது. ஓபென்றோவில் வழமையைவிட 2 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. மேற்கில் இருந்தவர்களுக்குக் காற்றைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆகவே வானிலை பார்க்கும்போது காற்றின் வேகத்தோடு திசையையும் பாருங்கள். இங்கே வேகத்தை வினாடிக்கு இத்தனை மீற்றர் என்றுதான் சொல்வார்கள். 15க்கு மேல் போனால் சின்னப் பிள்ளைகளோடு கரையில் நடப்பது கஷ்டம். அன்றைக்குக் குடை எடுத்துக்கொண்டு போவதில் அர்த்தமில்லை, மழை பக்கவாட்டில் வரும். றப்பர் சப்பாத்து, மழைக் காற்சட்டை, காதை மூடும் தொப்பி. இந்த மூன்றும் இருந்தால் பிள்ளைகள் மணிக்கணக்கில் நிற்பார்கள்.

புயல் அடங்கிய மறுநாள் வீட்டில் இருக்காதீர்கள். அம்பர் பொறுக்கும் நாள் அது. ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரப்பிசின் இறுகிக் கல்லானதுதான் அம்பர். கடல்நீரைவிடச் சற்றுத்தான் பாரம் கூட. அதனால் கடல் கலங்கும்போது அடியிலிருந்து எழும்பி, ஊறிப்போன மரத்துண்டுகளோடு சேர்ந்து கரைக்கு வரும். தண்ணீர் குளிரக் குளிர அது இன்னும் இலகுவாக மிதக்கும், இலையுதிர்காலத்திலும் பனிக்காலத்திலும் கூடுதலாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சுத்தமான மணலில் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். அலை விட்டுச்சென்ற கறுப்புக் கோட்டைப் பாருங்கள். விரல் நீளக் கருங்குச்சிகள், கடற்பாசி, சிப்பித் தூள் எல்லாம் கலந்து கிடக்கும். அந்தக் குப்பைக்குள் ஒரு குச்சியால் கிளறவேண்டும். பயறு அளவில் தேன் நிறத்தில் ஒன்று அகப்பட்டால் முன்பல்லில் மெதுவாகத் தட்டுங்கள். கல் என்றால் கணீரென்று படும், அம்பர் பிளாஸ்ரிக் மாதிரி மந்தமாகப் படும். வீட்டுக்கு வந்து ஒரு குவளைத் தண்ணீரில் இனிக் கரையாது என்னும் வரை உப்பைக் கரைத்துப் போட்டால் கல் அடியில் போகும், அம்பர் மிதக்கும். இருட்டிய பிறகு புறஊதாக்கதிர் (UV) ரோர்ச் லைட்டோடு போனால் மணலில் அது மஞ்சளும் பச்சையுமாக ஒளிரும். ஏழு மணிக்கெல்லாம் இருட்டிவிடுவதால் பிள்ளைகள் தூங்கமுன் போய்வரலாம்.

ஒரு எச்சரிக்கை. போர்க்காலத் தீக்குண்டுகளிலிருந்த வெள்ளைப் பொஸ்பரஸ் துண்டுகள் அம்பர் போலவே இருக்கும். ஈரம் காய்ந்ததும் தானாகத் தீப்பிடிக்கும். உங்கள் நாட்டின் பால்டிக் கரையில், குறிப்பாக யூஸெடொம் தீவில், இப்படிச் சட்டைப்பையில் வைத்து எரிகாயப்பட்டவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கரையென்றாலும் பொறுக்கியதைத் தகர டப்பாவில் போடுங்கள், பையில் வேண்டாம்.

இனி விறகடுப்பு. மேலிருந்து கொளுத்தவேண்டும். அடியில் இரண்டு தடித்த கட்டைகள், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய சிராய்கள், உச்சியில் நெருப்புக் கட்டி. அடுப்பின் காற்று வாசலை முழுதாகத் திறந்து வைத்துப் பற்றவைத்தால் புகையில்லாமல் கீழே இறங்கி எரியும். கரையில் பொறுக்கிய மரத்தைப் போடாதீர்கள். உப்பூறிய மரம் எரிந்தால் நச்சுப் புகை வரும், அடுப்பின் இரும்பையும் அரிக்கும். காய்ந்த விறகை மூட்டையாக சுப்பர்மார்க்கெட்டிலும் பெற்றோல் நிலையத்திலும் வாங்கலாம். சாம்பல் நாட்கணக்கில் சூட்டை வைத்திருக்கும், இரும்பு வாளியில் அள்ளி வெளியே வையுங்கள். வைக்கோல் கூரை வீடென்றால் இதில் இரட்டிப்புக் கவனம்.

சமையல்தான் எங்கள் ஆட்கள் கேட்கத் தயங்கும் விஷயம், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வீடுகளில் குசினியும் வரவேற்பறையும் ஒன்று, சுவரெல்லாம் பைன் மரப்பலகை, சோபா துணி. மிளகாய் வதங்கும் புகையும் பொரித்த எண்ணெய் மணமும் மரத்தில் ஊறினால் ஒரு கிழமையில் போகாது. பிறகு மேலதிகத் துப்புரவுக் கட்டணம் என்று கடிதம் வரலாம். சம்பலுக்கும் குழம்புக்கும் வேண்டிய தாளிப்பை வீட்டிலேயே செய்து போத்தலில் கொண்டுபோங்கள். முதல் இரண்டு நாளுக்கான இறைச்சிக் கறியை உறையவைத்துக் கொண்டுபோனால் சனிக்கிழமை பின்னேரம் சோறு மட்டும் போட்டால் போதும். பொரிக்கத்தான் வேண்டுமென்றால் மறைவான முற்றத்தில், வெளி அடுப்பில். மஞ்சள் கையோடு வெள்ளை மேசைப்பலகையைத் தொடவேண்டாம். கறை பட்டால் உடனே சவர்க்காரம் போட்டுத் துடையுங்கள், காய்ந்தால் போகாது. சோறு வேகவைக்கும் குக்கரைக் கொண்டுபோவீர்கள்தானே? ஜேர்மன் பிளக் டென்மார்க் சுவரில் பொருந்தும், ஆனால் பழைய வீடுகளில் நிலத்தொடுப்பு (எர்த்) இணையாது. உலோக உடல் கொண்ட சாதனங்களுக்கு ஒரு மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். அரிசி, தேங்காய்ப்பால், கறித்தூள் எல்லாம் கையோடு. மற்றச் சாமானுக்குக் கவலையில்லை, இங்கே சுப்பர்மார்க்கெட் ஞாயிறும் திறந்திருக்கும்.

மீனுக்கு ஒரு நாள் ஒதுக்கி வீதே சாந்தே துறைமுகத்துக்குப் போய் வாருங்கள். றொட்ஸ்பேட்டே என்று ஒரு தட்டை மீன், கபில முதுகில் செம்மஞ்சள் புள்ளிகள் இருக்கும். புள்ளி பளிச்சென்று இருந்தால் புதுசு. உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி அதை முழுசாகப் பொரித்தால், முள்ளுக்குப் பயப்படும் பிள்ளையும் சாப்பிடும், நடு முள் ஒரே இழுப்பில் கழன்று வந்துவிடும். அங்கேயே தூண்டில் போட ஆசை வந்தால் 18 வயதுக்கு மேல் ஓய்வூதிய வயது வரையானவர்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். இணையத்தில் ஒரு நாளுக்கோ ஒரு கிழமைக்கோ எடுக்கலாம். அம்மம்மாவுக்குத் தேவையில்லை.

கடைசியாகப் போகும் நாள். சனிக்கிழமை காலை 10 மணியளவில் வீட்டை விடச் சொல்வார்கள். அந்த இருட்டு விடியலில், நாலு பிள்ளைகளோடு, ஓவன், வடிகால் வலை, குளிர்ப்பெட்டி எல்லாம் துடைத்து முடிப்பது லேசில்லை. பதிவு செய்யும்போதே துப்புரவுச் சேவையையும் சேர்த்து வாங்கிவிடுங்கள், இந்தச் செலவில் நான் பின்வாங்க மாட்டேன். அதோடு படுக்கை விரிப்பு, துவாய், பாத்திரம் துடைக்கும் துணி பெரும்பாலும் வாடகையில் சேராது. கொண்டுபோங்கள், இல்லையென்றால் முன்கூட்டியே சொல்லி வாடகைக்கு எடுங்கள். துப்புரவுக்குக் காசு கொடுத்தாலும் பாத்திரம் கழுவி, குப்பை அகற்றி, சாம்பலை எடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். மீற்றரை மறுபடி படம் எடுத்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.